போஸ்ட்டாக்குக்கு கம்யூனிகேஷன்ஸா பயோமெடிக்கலா? ஃபேகல்டி ஆகணும்னா எது?

#1 அலைவரிசை

எல்லாருக்கும் வணக்கம். பிஎச்டி தீசிஸ் எழுதி முடிக்கிற கட்டத்துல இருக்கேன். டாபிக் வயர்லெஸ் சேனல் எஸ்டிமேஷன், கம்ப்ரஸ்டு சென்சிங் (கம்மியான அளவீட்ட வச்சு முழு சிக்னலையும் மீட்கிறது), பெரும்பாலும் மேத்ஸும் சிமுலேஷனும்தான், ஹார்டுவேர் பக்கமே போனதில்ல. இப்ப ரெண்டு இடத்துல போஸ்ட்டாக் (பிஎச்டிக்கு அப்புறம் பண்ற தற்காலிக ரிசர்ச் வேலை) கிடைக்கும்போல இருக்கு. ஒண்ணு 6ஜி ஃபிசிக்கல் லேயர் (சிக்னல அலையா அனுப்பி வாங்குற அடிப்படை அடுக்கு) பண்ற பெரிய குரூப், பேரு தெரிஞ்ச ப்ரொஃபசர், கீழ நிறைய பேர் இருக்காங்க. இன்னொண்ணு உடம்புல ஒட்டிக்கிற சென்சார்ல வர்ற இசிஜி, பிபிஜி (ஒளிய வச்சு நாடித்துடிப்பு பாக்குறது) சிக்னல் மேல வேலை பண்ற சின்ன லேப், பக்கத்துலயே மருத்துவமனை, டாக்டர்கள் கூட்டு இருக்குன்னு சொல்றாங்க. கம்பெனி வேலை வேணாம், ஒருநாள் சொந்தமா லேப் வைக்கணும், அதான் ஆசை. என் கைடு "ரெண்டும் நல்லதுதான்"னு சொல்லிட்டு போயிட்டார். இந்த ஃபீல்டுல இருக்குறவங்க கொஞ்சம் சொல்லுங்களேன்.

#2 ஈயப்புகை

தம்பி, எந்த டாபிக் ஹாட்டுன்னு பாத்து முடிவெடுக்காத, நீ வேலை தேடப்போற நேரத்துல அது ஆறிப்போயிருக்கும். போஸ்ட்டாக் முடிச்சு அந்த லேப்ப விட்டு வெளிய வரும்போது உன் கையில என்ன இருக்கும்னு பாரு. ஃபேகல்டி இண்டர்வியூல சுத்தி வளச்சு கேக்குறது ஒரே கேள்விதான், "உங்க பழைய பாஸ் இதையேதான பண்றாரு, நீங்க தனியா என்ன பண்ணப்போறீங்க?" டேட்டா அவரோடது, டெஸ்ட்பெட் (சோதனை பண்ற செட்டப்) அவரோடது, கூட வேலை பாக்குற டாக்டர் அவரோட ஃப்ரெண்டுன்னா, நீ எத்தன பேப்பர் போட்டாலும் வாடகை வீட்டுக்கு நம்ம காசுல டைல்ஸ் போட்ட கதைதான்.

நான் அனலாக் சர்க்யூட் ஆளு, பயோ இம்ப்ளான்ட்டுக்கு ஆம்ப்ளிஃபயர் டிசைன் பண்றவன். ரெண்டு பக்கத்துலயும் ஒரு கால் இருக்கு, அதனால ரெண்டு பக்கமும் உதையும் வாங்கிருக்கேன்.

#3 நாய்ஸ்ஃப்ளோர்

கம்யூனிகேஷன்ஸ் பக்கம் பேச ஒரு ஆள் வேணும்ல, நான் பேசுறேன். கோடிங் தியரி என் ஏரியா, அதாவது சேனல்ல வர்ற பிழைய திருத்துற கோட் டிசைன் பண்றது.

இங்க இருக்குற சுகம் என்னன்னா, ஐடியா உன் தலையில இருந்தா அது உன்னோடது, யார்கிட்டயும் பெர்மிஷன் கேக்க வேணாம், எதிக்ஸ் கமிட்டி வேணாம், பேஷன்ட் வேணாம். எர்டால் அரிகானை எடுத்துக்கோங்க. எம்ஐடில ராபர்ட் கேலகர்கிட்ட 1985ல பிஎச்டி முடிச்சார், 1987ல இருந்து துருக்கில பில்கென்ட் யூனிவர்சிட்டி. பெரிய குரூப் கிடையாது, பெரிய மெஷின் கிடையாது. பிஎச்டில தொட்ட சீக்வென்ஷியல் டீகோடிங் விஷயத்த விடாம இருபது வருஷம் போல நோண்டிக்கிட்டே இருந்தார், 2009ல போலார் கோட் பேப்பர் வந்துச்சு, 2016ல மொபைல் ஸ்டாண்டர்ட் போடுற 3ஜிபிபி அமைப்புல அத 5ஜி கன்ட்ரோல் சேனலுக்கு எடுத்துக்கிட்டாங்க, 2019ல ஷானன் அவார்டு, இன்ஃபர்மேஷன் தியரில பெரிய விருது அது. இதுல எனக்கு ரொம்ப புடிச்சது, அதே 5ஜில டேட்டா சேனலுக்கு ஓடுறது எல்டிபிசின்னு இன்னொரு கோட், அது அவரோட கைடு கேலகர் 1960 தீசிஸ்ல எழுதுனது. குரு ஒரு சேனல், சிஷ்யன் ஒரு சேனல்.

சும்மா 6ஜின்னு பேர் போட்ட ப்ராஜெக்ட்ட பாத்து பயப்படாதீங்க. உள்ள நல்ல ப்ராப்ளம் இருந்தா போங்க.

#4 வெளிநடப்பு

நாய்ஸ்ஃப்ளோர் சார், கதை அருமை. ஆனா நீங்களே சொன்னதுல ஒண்ண கவனிங்க, அவருக்கு 1987லயே உக்கார ஒரு நாற்காலி கிடைச்சிருச்சு. அதுக்கப்புறம்தான் இருபது வருஷம் ஒரே விஷயத்த நோண்டுனார். இப்ப போஸ்ட்டாக் பண்ற பையன் ரெண்டு வருஷ கான்ட்ராக்ட்ல, அது முடியறதுக்கு ஆறு மாசம் முன்னாடியே அடுத்த அப்ளிகேஷன் எழுத ஆரம்பிக்கணும், அவன் எங்க போய் இருபது வருஷம் நோண்டுவான். கேலகரோட எல்டிபிசியே முப்பது வருஷத்துக்கு மேல கிட்டத்தட்ட யாரும் சீண்டாம கிடந்து 90கள்ல மெக்கேயும் நீலும் திரும்ப எடுத்ததுதான. இன்னைக்கு இருக்குற ப்ரமோஷன் கமிட்டி முன்னாடி அப்படி ஒரு பேப்பரோட போய் நின்னா சைட்டேஷன் எங்கன்னு கேப்பாங்க.

இன்னொரு சாதாரண கணக்கு. ஒரு ப்ரொஃபசர் தன் சர்வீஸ்ல பத்து இருபது பேருக்கு பிஎச்டி குடுப்பாரு, அவர் ரிட்டயர் ஆனா காலியாகுறது ஒரு சீட். டிபார்ட்மென்ட் பெருசானாலொழிய மத்தவங்க எல்லாரும் வெளியதான் போகணும். இது யாரோட திறமைக்கும் சம்பந்தமில்லாத விஷயம், ஆனா ஆசைய மட்டும் நம்பி இறங்குறவங்ககிட்ட யாரும் சொல்றதில்ல. நான் அகாடமியாவ விட்டு கம்பெனி ரிசர்ச் லேபுக்கு போனவன், ஸ்டாண்டர்டைசேஷன் வேலை, நல்லாத்தான் இருக்கேன். அலைவரிசை "கம்பெனி வேணாம்"னு இப்பவே கதவ சாத்த வேணாம்.

#5 வார்டுபக்கம்

பயோமெடிக்கல் பக்கம் சும்மா பேப்பர் படிச்சுட்டு வர்றவங்களுக்காக சொல்றேன். நான் மருத்துவமனைக்குள்ள உக்காந்து வேலை பாக்குற இன்ஜினியர், ரிசர்ச்சும் பண்றேன்.

முதல்ல எதிக்ஸ். மனுஷங்க மேல ஒரு எலக்ட்ரோடு ஒட்டணும்னா கூட ப்ரோட்டோகால் எழுதி, கன்சென்ட் ஃபார்ம் எழுதி, கமிட்டிக்கு அனுப்பி, அவங்க கேள்வி கேட்டு, திருத்தி, திரும்ப அனுப்பி, மாசக்கணக்குல ஆகும். 1964 ஹெல்சிங்கி பிரகடனத்துல இருந்து வர்ற வழக்கம், நியாயமான வழக்கம்தான், குறை சொல்லல. ஆனா ரெண்டு வருஷ போஸ்ட்டாக்ல முதல் வருஷம் இதுலயே போயிரும்னு முன்னாடியே தெரிஞ்சுக்கணும். அப்புறம் சேஃப்டி. நீங்களே சர்க்யூட் பண்ணி நோயாளி மேல மாட்டணும்னா மருத்துவ கருவிக்கான சேஃப்டி ஸ்டாண்டர்ட் ஐஇசி 60601 இருக்கு, இதயத்த நேரடியா தொடுற பாகம்னா நார்மல் கண்டிஷன்ல லீக்கேஜ் கரண்ட் (கசியிற மின்சாரம்) 10 மைக்ரோ ஆம்பியருக்குள்ள இருக்கணும். சிமுலேஷன்ல மட்டும் இருந்தவருக்கு இது வேற உலகம்.

டாக்டர்கள் கூட்டு இருக்குன்னு லேப் சொன்னா, வெப்சைட்ல போட்டோ இருந்தா மட்டும் போதாது. அந்த டாக்டர் வாரத்துக்கு ஒரு தடவையாவது மீட்டிங்ல உக்காருறாரா, அவருக்கே தீர்க்கணும்னு நினைக்கிற ப்ராப்ளம் இருக்கா, இத கேளுங்க. டாக்டருக்கு பேப்பர்ல பேர் வந்தா போதும்னா அந்த கூட்டு ரெண்டாவது மாசமே நின்னுரும்.

#6 அலைவரிசை

எல்லாருக்கும் நன்றி, இவ்ளோ விவரமா எதிர்பார்க்கல. வார்டுபக்கம், ஒரு சந்தேகம். எதிக்ஸ், டேட்டா எல்லாம் லேட் ஆகும்னா அதுவரைக்கும் பப்ளிக் டேட்டாசெட் வச்சு பேப்பர் போட முடியாதா? எம்ஐடி-பிஐஎச் இசிஜி டேட்டாபேஸ் மாதிரி இருக்கே. டீப் லேர்னிங் போட்டு 99 பர்சன்ட் அக்யூரசின்னு தினமும் பேப்பர் வருது, அதுல நாலஞ்சு போட்டா சிவி கொஞ்சம் கனமாகும்ல?

#7 மூன்றாம்ரிவ்யூவர்

ஐயோ, இந்த கேள்வி வரும்னு தெரியும். கொஞ்சம் நீளமா எழுதப்போறேன், பொறுத்துக்கோங்க, இது எனக்கு ரொம்ப நாள் வயித்தெரிச்சல்.

எம்ஐடி-பிஐஎச் அரித்மியா டேட்டாபேஸ் 1980ல வெளிய வந்தது. 48 ரெக்கார்டிங், ஒவ்வொண்ணும் அரை மணி நேரம், 360 ஹெர்ட்ஸ், மொத்தம் 47 பேர். துடிப்பு கணக்குல பாத்தா ஒரு லட்சத்துக்கு மேல வரும், அதான் பாக்க பெருசா தெரியுது. ஆனா ஆள் 47தான். இப்ப இந்த 99 பர்சன்ட் பேப்பர்ல நிறைய பேர் என்ன பண்றாங்க, எல்லா துடிப்பையும் ஒரே குவியலா கலந்து அதுல 80 பர்சன்ட் ட்ரெயினிங், 20 பர்சன்ட் டெஸ்ட்னு பிரிக்கிறாங்க. அப்ப ஒரே ஆளோட துடிப்பு ரெண்டு பக்கமும் இருக்கும். ஒரே ஆளோட இசிஜி, ஒரே லீடுல, ஒரே அரை மணி நேரத்துல, கிட்டத்தட்ட ஒரே வடிவம். மாடல் நோயக் கத்துக்கல, ஆள அடையாளம் வச்சுக்குது. புது பேஷன்ட் வந்தா படுத்துரும்.

இது புதுசா கண்டுபிடிச்ச விஷயமும் இல்ல. 2004லயே டி ஷசால் குழு ஐஇஇஇ டிரான்சாக்‌ஷன்ஸ் ஆன் பயோமெடிக்கல் இன்ஜினியரிங்ல, பேஸ்மேக்கர் இருந்த 4 ரெக்கார்ட எடுத்துட்டு மிச்சத்த 22, 22ன்னு பெரும்பாலும் ஆள் கலக்காம பிரிச்சு காட்டிட்டாங்க. அதுக்கு அப்புறமும் கலந்து பிரிச்ச பேப்பர் வந்துக்கிட்டே இருக்கு. ஆள் வாரியா பிரிச்சா நம்பர் இறங்கும், முக்கியமா சுப்ராவென்ட்ரிகுலர் (இதயத்தோட மேல் பகுதில கிளம்புற) துடிப்புல நல்லாவே இறங்கும், இறங்குன நம்பர வச்சு பேப்பர் போட தைரியம் வேணும், அவ்ளோதான் விஷயம்.

இன்னொண்ணு, அக்யூரசியே ஏமாத்துற நம்பர். அந்த டேட்டால பெரும்பாலான துடிப்பு நார்மல். எல்லாத்தையும் நார்மல்னு சொல்ற மாடலுக்கே பாக்க நல்ல மார்க் வந்துரும். டாக்டர் கேக்குறது சென்சிட்டிவிட்டி என்ன (உண்மையா நோய் இருக்குறதுல எத்தனைய புடிக்குது), தப்பு அலாரம் எத்தன, அவ்ளோதான்.

இத எதுக்கு கேரியர் இழைல சொல்றேன்னா, உங்க ஃபேகல்டி அப்ளிகேஷன் ஒரு நாள் என்ன மாதிரி ஒரு ஆளுக்கு கருத்து கேட்டு வரும். சிவில பன்னெண்டு பேப்பர் இருந்து எல்லாமே இந்த ரகம்னா நான் எண்ணவே மாட்டேன், நேரா ஒண்ண எடுத்து டேட்டா எப்படி பிரிச்சாங்கன்னு பாப்பேன். பப்ளிக் டேட்டா தப்பில்ல, இந்த மாதிரி டேட்டாவ பொதுவா வைக்கிற ஃபிசியோநெட் தளம் இல்லாம இந்த ஃபீல்டே இல்ல. அத வச்சு மெத்தட ஒழுங்கா காட்டுங்க, அப்புறம் வேற இடத்துல எடுத்த டேட்டால ஓட்டி எங்க உடையுதுன்னு எழுதுங்க. அந்த ஒரு பேப்பர் பன்னெண்டுக்கு சமம்.

#8 வார்டுபக்கம்

மூன்றாம்ரிவ்யூவர் சொன்னதுக்கு கீழ கையெழுத்து போடுறேன். கூட ஒண்ணு. பிபிஜி பண்ணப்போறீங்கன்னா பல்ஸ் ஆக்ஸிமீட்டர் வரலாற ஒரு தடவ படிங்க. 1970கள்ல ஜப்பான்ல நிஹான் கோடன் கம்பெனில டகுவோ அயோகி, சாயம் செலுத்தி இதயம் எவ்ளோ ரத்தம் தள்ளுதுன்னு அளக்க பாத்தார், நாடித்துடிப்பு குறுக்க வந்து தொல்லை குடுத்துச்சு, அந்த தொல்லையவே சிக்னலா எடுத்து ஆக்ஸிஜன் அளவு பாத்தார். அவ்ளோ பெரிய விஷயம். ஆனா 2020ல வந்த ஆய்வுல, ரத்தத்துல உண்மையா ஆக்ஸிஜன் கம்மியா இருந்தும் மீட்டர் சரின்னு காட்டுன கேஸ் வெள்ளை தோல் நோயாளிகள விட கறுப்பின நோயாளிகள்கிட்ட கிட்டத்தட்ட மூணு மடங்குன்னு வந்துச்சு. இத்தன வருஷம் உலகம் பூரா விரல்ல மாட்டுன கருவி. செய்ய வேலை நிறைய கிடக்கு, அக்யூரசிய 99.2ல இருந்து 99.4 ஆக்குறது அதுல இல்ல.

#9 நாய்ஸ்ஃப்ளோர்

சரி, ரொம்ப புனிதமா ஆக்காதீங்க. கம்யூனிகேஷன்ஸ்லயும் இதே வியாதி இருக்கு, சேனல் பெர்ஃபெக்டா தெரியும்னு வச்சுக்கிட்டு இல்லாத ஆன்டெனாவுக்கு ஆப்டிமைசேஷன் போட்டு பேப்பர் எழுதுறோம். எங்க ஆளுங்க யாரையும் ஐசியூல படுக்க வைக்கிறதில்ல, அவ்ளோதான் வித்தியாசம்.

அலைவரிசைக்கு ஒண்ணு. கம்ப்ரஸ்டு சென்சிங் தெரியும்னா நீங்க ஏற்கனவே பாலத்து மேலதான் நிக்கிறீங்க. கேண்டஸ், ராம்பர்க், டாவ், டோனஹோ தியரி பேப்பர் 2006. அடுத்த வருஷமே லஸ்டிக் குழு அத எம்ஆர்ஐக்கு கொண்டுபோனாங்க. 2017ல அமெரிக்க எஃப்டிஏ அனுமதியோட ஸ்கேனர்ல வந்துருச்சு. லஸ்டிக் அப்ப பிஎச்டி மாணவர். மேத்ஸ் தெரிஞ்ச ஆள் மெஷின் பக்கத்துலயே உக்காந்ததால நடந்தது அது.

#10 ஈயப்புகை

அதான் நானும் சொல்ல வர்றேன், பக்கத்துல உக்காரணும். ஆனா ஹார்டுவேர்னா காலக்கணக்கு வேற தம்பி. ஒரு சிப் டிசைன் பண்ணி, மல்டி ப்ராஜெக்ட் வேஃபர்ல (பல பேர் டிசைன ஒண்ணா அச்சடிக்கிற தகடு) இடம் புடிச்சு, டேப்அவுட் (டிசைன ஃபேக்டரிக்கு அனுப்புறது) டெட்லைன் தவறுனா அடுத்த ரன் வரைக்கும் காத்திருந்து, சிப் வந்து, போர்டு பண்ணி, அளந்து பாத்தா ஒரு வருஷத்துக்கு மேல, அதுவும் முதல் தடவையே ஓடுனா. நடுவுல பேப்பர் ஒண்ணும் இருக்காது. 2020ல ஸ்கைவாட்டர் 130 நானோமீட்டர் பிடிகேவ (சிப் டிசைன் பண்ண வேண்டிய ஃபைல் தொகுப்பு) கூகுள் கூட சேந்து ஓப்பனா விட்டதுக்கு அப்புறம் சின்ன லேபுக்கு கொஞ்சம் மூச்சு வந்திருக்கு, ஆனா காலம் குறையல.

இதுல சிக்கல் எங்கன்னா மதிப்பீடு. சர்க்யூட் ஆளுங்களுக்கு ஐஎஸ்எஸ்சிசி கான்ஃபரன்ஸ்ல ஒரு பேப்பர்னா மரியாதை, பயோமெடிக்கல் டிபார்ட்மென்ட் கமிட்டில உக்காந்திருக்குற பயாலஜி ஆளு "இது கான்ஃபரன்ஸ்தான, ஜர்னல் எங்க"ன்னு கேப்பாரு. மருத்துவ ஜர்னல்ல முதல் பேருக்கும் கடைசி பேருக்கும்தான் மதிப்பு, நடுவுல ஏழாவது பேரா இருந்தா யாரும் பாக்க மாட்டாங்க, ஆனா மருத்துவமனை கூட வேலை பண்ணா இன்ஜினியருக்கு அந்த ஏழாவது இடம்தான் கிடைக்கும். ரெண்டு ஃபீல்டுக்கு நடுவுல நின்னா ரெண்டு பக்கமும் சொந்தம்னு நினைக்காத, கமிட்டில ரெண்டு பக்கமும் அந்நியன்தான். எந்த டிபார்ட்மென்ட்ல நாற்காலி வேணும்னு இப்பவே நினைச்சு அவங்க மதிக்கிற இடத்துல வருஷத்துக்கு ஒண்ணாவது போட்டுக்கிட்டே இரு.

#11 வெளிநடப்பு

பேப்பரையும் சைட்டேஷனையும் எண்ணி ஆள அளக்குற ஹெச் இன்டெக்ஸ்ன்னு ஒண்ணு 2005ல ஹிர்ஷ்னு ஒரு ஃபிசிக்ஸ்காரர் ஆரம்பிச்சு வச்சார், அத வச்சு ஐநூறு பேர் இருக்குற லேபோட பேப்பரையும் தனியா தியரி எழுதுற ஆளையும் ஒரே ஸ்கேல்ல அளக்குறாங்க. ஈயப்புகை அண்ணன் சிப் காத்திருக்குற ஒரு வருஷம் அவர் ஹெச் இன்டெக்ஸ் தூங்கும். கோவம் வருதா, வரணும்.

#12 துடிப்பலை

நான் பேசாம படிச்சுக்கிட்டே இருந்தேன், யாரும் கடிகாரத்த பத்தி பேசலையேன்னு வந்தேன். பிஎச்டி வாங்குன தேதில இருந்து பல ஃபெல்லோஷிப்புக்கு கெடு ஓட ஆரம்பிச்சிரும். ஐரோப்பால மரி க்யூரி போஸ்ட்டாக் ஃபெல்லோஷிப்புக்கு பிஎச்டிக்கு அப்புறம் 8 வருஷ ரிசர்ச் அனுபவத்துக்குள்ள இருக்கணும். அமெரிக்கால என்ஐஎச் (மருத்துவ ஆராய்ச்சிக்கு காசு தர்ற அரசு அமைப்பு) தர்ற கே99 கிராண்டுக்கு போஸ்ட்டாக் அனுபவம் 4 வருஷத்த தாண்டக் கூடாதுன்னு வச்சிருந்தாங்க, அதுதான் பயோமெடிக்கல் ஆளுங்களுக்கு போஸ்ட்டாக்ல இருந்து ஃபேகல்டிக்கு தாண்டுற பாலம். ஜெர்மனில யூனிவர்சிட்டில பெர்மனென்ட் வேலை இல்லாம கான்ட்ராக்ட்ல ஓட்டுறதுக்கே பிஎச்டிக்கு முன்னாடி 6, பின்னாடி 6 வருஷம்னு சட்டம். விதி மாறிக்கிட்டே இருக்கும், அப்ளை பண்ற வருஷத்து அறிவிப்ப பாருங்க.

அதனால தீசிஸ் சப்மிட் பண்ணதும் அவசரப்பட்டு டிகிரி வாங்கிட்டு, அப்புறம் ஒரு வருஷம் எங்க போறதுன்னு யோசிச்சா பல ஃபெல்லோஷிப்ல அந்த ஒரு வருஷம் கெடுவுல கழியும். குழந்தை, உடம்பு சரியில்லன்னு இடைவெளி எடுத்தவங்க பயந்து அப்ளை பண்ணாம விட்டுடாதீங்க, மரி க்யூரில அந்த இடைவெளிய கணக்குல சேக்க மாட்டாங்க, இன்னும் பல இடத்துல கேட்டா நீட்டி தருவாங்க. கேக்காம இருந்தா யாரும் தேடி வந்து தர மாட்டாங்க. நான் ரெண்டாவது குழந்தைக்கு அப்புறம் திரும்ப வந்தவ, கேட்டு வாங்குனேன்.

இன்னொன்னு, சொந்த ஃபெல்லோஷிப்ல போனா லேப்ல நம்ம குரல் வேற மாதிரி ஒலிக்கும். ப்ராஜெக்ட் காசுல போனா ப்ராஜெக்ட் ரிப்போர்ட் எழுதுற ஆள் நீங்கதான்.

#13 மூன்றாம்ரிவ்யூவர்

துடிப்பலை அக்கா கடைசில சொன்னது பொன்னு. பெரிய குரூப்ல போஸ்ட்டாக்குன்னா பாதி நேரம் மாணவர்கள் பேப்பர திருத்துறதும் ப்ராஜெக்ட் டெலிவரபிளும்தான். அது கெட்டதுன்னு சொல்லல, கிராண்ட் எழுத கத்துக்கலாம், ஆனா அப்படி எழுதுன ப்ரொப்போசல்ல உங்க பேர் எங்கயும் வராது.

#14 அலைவரிசை

தலை சுத்துது ஆனா தெளிவாவும் இருக்கு. ரெண்டு லேபுக்கும் இன்னைக்கு மெயில் போட்டேன். நான் பண்ற வேலைல எத கூட எடுத்துட்டு போகலாம், தனியா கிராண்ட் அப்ளை பண்ண விடுவீங்களா, இதுக்கு முன்னாடி இருந்த போஸ்ட்டாக் எல்லாம் இப்ப எங்க இருக்காங்கன்னு ரெண்டு பேர்கிட்டயும் கேட்டிருக்கேன். பயோமெடிக்கல் லேப்கிட்ட கூடுதலா, எதிக்ஸ் அனுமதி ஏற்கனவே வாங்கியாச்சா, டேட்டா எத்தன ஆளோடது, நான் போன பிறகும் அத தொட முடியுமான்னு கேட்டேன். 6ஜி குரூப் உடனே பதில் போட்டாங்க, ஃபெல்லோஷிப் எழுத சப்போர்ட் பண்ணுவோம், ஆனா டாபிக் ப்ராஜெக்டுக்குள்ளதான் இருக்கணுமாம். பழைய போஸ்ட்டாக் பத்தி கேட்டதுக்கு மட்டும் பதில் இல்ல.

#15 ஈயப்புகை

பதில் இல்லாத கேள்விக்கு நீயே பதில் தேடிக்க. பழைய பேப்பர்ல முதல் பேரா இருக்குறவங்கள எடு, இப்ப எங்க இருக்காங்கன்னு பாரு, ரெண்டு பேருக்கு நேரா எழுது. அங்க இருந்து போனவங்கதான் உண்மைய சொல்லுவாங்க, இருக்குறவங்க சொல்ல மாட்டாங்க.

#16 நாய்ஸ்ஃப்ளோர்

டாபிக் ப்ராஜெக்டுக்குள்ளன்னு சொன்னா "உள்ள" எவ்ளோ தூரம்னு கேளுங்க. அஞ்சு வருஷம் ஓடுற பெரிய ப்ராஜெக்ட்ல மூலைல ஒரு ஓப்பன் ப்ராப்ளம் கண்டிப்பா இருக்கும், அத எழுதி கேட்டு வாங்கிக்கலாம். நான் இன்னும் கம்யூனிகேஷன்ஸ் பக்கம்தான், மாறல.

#17 வார்டுபக்கம்

சின்ன லேப் பதில் வந்ததும் இங்கயே போடுங்க. டேட்டா பத்தி கேட்டதுக்கு "வந்ததும் பாத்துக்கலாம்"னு சொன்னாங்கன்னா, டேட்டா இல்லன்னு அர்த்தம்.